ஹெட்மனும் என் அண்ணையும்

பெரிய கட்டிலின் விரிப்பை ஒருவர் தனியாக மடிக்க முடியாது. மடிக்கலாம், ஆனால் கசங்கிப்போய், மேலே அனுப்பியது அப்படியே திரும்பக் கீழே வரும். சுவிஸ் மலைகளில், எங்கடின் பள்ளத்தாக்கில் நான் பத்தொன்பது வருடமாக வேலை செய்யும் ஹோட்டலின் சலவை அறை நிலத்துக்குக் கீழே இருக்கிறது. உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பின் இரண்டு மூலைகளை ஒருத்தி பிடிக்க, மற்ற இரண்டையும் இன்னொருத்தி பிடிப்பாள். நடந்து வந்து கை சேர்ப்போம், விலகிப் போவோம், மறுபடி வந்து சேர்ப்போம். ஒரு விரிப்புக்கு மூன்று தடவை ஒருவர் முகத்தை ஒருவர் மிக அருகில் பார்க்க வேண்டும். பிடிக்காதவளோடு இந்த வேலை செய்வது பெரிய தண்டனை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால், என்னோடு மடித்தவர்களுக்கும் அது தண்டனையாகத்தான் இருந்திருக்கும்.

மூன்று குளிர்காலங்களுக்கு முன் ரீச்சர் வந்தார். உக்ரைனிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர், அங்கே ஒரு சிறு நகரத்துப் பள்ளியில் சரித்திரம் படிப்பித்தவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். முதல் நாள் அவருடைய தொழிலைக் கேட்டதும் என்னை அறியாமலே ரீச்சர் என்று கூப்பிட்டுவிட்டேன். படிப்பித்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஜெர்மன். அவருடையது புத்தகத்தில் படித்தது, என்னுடையது சமையலறைகளில் பொறுக்கியது. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் பேசுவது மாதிரி ஆகிவிடும்.

சலவை அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், கூரையை ஒட்டி. அதில் மனிதர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். பனிச்சப்பாத்துகள் போகும், நாய்களின் வயிறு போகும், பிறகு நீண்ட நேரம் வெறும் பனி மட்டும் விழும். நீராவியில் எல்லாம் மங்கலாகி, நான் எங்கே நிற்கிறேன் என்பதே சில சமயம் மறந்துபோகும். அப்படி ஒரு மத்தியானத்தில்தான், உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று சும்மா கேட்டேன்.

"ஒரு அரண்மனை" என்றார். "கடைசி ஹெட்மனின் அரண்மனை."

ஹெட்மன் என்றால் கொசாக்குகளின் தலைவர். கொசாக்குகள் என்றால் குதிரையும் வாளுமாகத் திரிந்த எல்லைப்புறத்து வீரர்கள். இருநூற்றைம்பது வருடங்களுக்கு மேலான பழைய சங்கதி. ஆனால் அந்த மனிதர் தொடங்கியது குதிரையில் இல்லை, மாட்டின் பின்னால் என்றார் ரீச்சர். குடிகாரத் தகப்பன், ஒரு குடிசை, மேய்க்கக் கொஞ்சம் மாடுகள். அவருக்கு இருந்த ஒரே சொத்து ஒரு அண்ணன். அந்த அண்ணனுக்கு நல்ல குரல். கிராமத்துத் தேவாலயத்தில் அவன் பாடியதைக் கேட்டு யாரோ தலைநகருக்குக் கூட்டிப் போனார்கள். அரண்மனைப் பாடகர் குழுவில் சேர்ந்தான். இளவரசி அவன் மேல் ஆசை வைத்தாள். அந்த இளவரசியே பிறகு பேரரசியானாள். அண்ணன் மறக்கவில்லை, தம்பியைக் கூட்டி வர வண்டி அனுப்பினான்.

"அண்ணனின் குரலால் தம்பி பிழைத்தான்" என்று சொல்லிக்கொண்டே ரீச்சர் தன் மூலைகளை என் கையில் தந்தார்.

நான் விரிப்பைக் கீழே போட்டுவிட்டேன். அத்தனை வருடத்தில் மடிக்கும்போது போட்டது அதுதான் முதல் தடவை. ரீச்சர் குனிந்து எடுத்து மறுபடி கழுவும் கூடையில் போட்டார்.

எனக்கும் ஒரு அண்ணை இருக்கிறார். பாட்டு வராது, அவர் தேவாரம் பாடினால் ஐயரே சுருக்கமாகப் பூசையை முடித்துவிடுவார். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் என்னைக் கொழும்புவரை கூட்டி வந்து, இரண்டு மாதம் ஒரு லொட்ஜில் காவல் இருந்து, விமானம் ஏற்றிவிட்டது அவர்தான். நான் சுவிசில் இறங்கி அகதி விசாரணைக்குப் போனபோது அவரைக் கொன்றுவிட்டேன்.

அனுப்பிய ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்த கதை அது. உன்னுடைய வழக்கில் பலம் இல்லை, வீட்டில் ஒரு சாவு இருந்தால்தான் எடுபடும் என்றான். அதுவரை எங்கள் வீட்டில் சாவு இல்லை. இருபத்தைந்து வயது, தெரியாத நாடு, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒரு அண்ணன், சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்றேன். சொன்னதும் அழுகை வந்தது. நடிப்பு இல்லை. விமான நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கை காட்டிக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்து, நிறுத்த முடியாமல் அழுதேன். அதிகாரி தட்டச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அந்த அழுகைக்குத்தான் எனக்கு இந்த நாட்டில் இருக்க இடம் கிடைத்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறு காலையும் செத்தவரோடு தொலைபேசியில் பேசினேன். போர் முடிந்தபின் இரண்டு தடவை போய்ப் பார்த்தும் வந்தோம். ஆனால் அவரை இங்கே கூப்பிட முடியவில்லை. கூப்பிட வேண்டுமானால் ஒரு படிவத்தில் அவர் பெயரை எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் சகோதரர் என்று எழுத வேண்டும். அதை எழுதினால் பழைய கோப்பை யாராவது திறந்து பார்ப்பார்கள். தெரிந்தவர்களிடமும் அதே கதையைத்தான் சொல்லி வைத்திருந்தேன், யாராவது காட்டிக்கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில். மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குத் தாய்மாமன் முறைக்கு ஆள் இல்லாமல், நாங்கள் அரிசி வாங்கும் கடைக்காரர்தான் நின்று அவள் தலையில் தண்ணீர் வார்த்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை.

ரீச்சர் வந்த குளிர்காலத்தில் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மே மாதம், ஹோட்டல் மூடியிருக்கும் இடைப்பருவத்தில். மாப்பிள்ளை ரெனான் என்ற ஊரில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர், மகள் ஜெர்மன். இரண்டு பேரும் தங்களுக்குள் ஆங்கிலம் பேசிச் சண்டையை மட்டும் தமிழில் பிடிப்பார்கள். மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா, மணவறைக்கு என்னை மாமாதான் கூட்டிக்கொண்டு போகோணும். கடைக்கார அங்கிள் வேண்டாம்."

என் கணவர் அதே ஹோட்டலில் சமையல்காரர், எதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பவர். "ஒண்டுவிட்ட அண்ணை எண்டு எழுதிக் கூப்பிடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"அண்ணையைக் கொன்றது காணாதெண்டு இப்ப ஒண்டுவிட்ட ஆளாயும் ஆக்கச் சொல்லுறியளோ?" என்று கத்திவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

கதை தொடர்ந்தது. விரிப்பு வர வர ரீச்சர் சொன்னார். தலைநகருக்கு வந்த தம்பிக்கு எழுதப் படிக்கக்கூடச் சரியாகத் தெரியாது. அண்ணன் அவனை ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பினான், அதுவும் வேறொரு பெயரில். பேரரசியின் ஆசைக்குரியவனின் தம்பி என்று யாருக்கும் தெரியக்கூடாதாம். பெர்லினில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் நம் பாசல் நகரத்தில் பிறந்த மேதை. பழைய பத்து பிராங் தாளில் அவருடைய முகம் இருந்தது. நான் வந்த புதிதில் அந்தத் தாளைக் கையில் வாங்கி, யாரோ ஒரு பிரபு என்று நினைத்திருக்கிறேன்.

"வேறு பெயரிலா போனான்?" என்று கேட்டேன்.

"ஆமாம். பாஸ்போர்ட்டில் வேறு பெயர்."

"நானும் அப்படித்தான் வந்தேன்" என்றேன். ரீச்சர் சிரித்தார். அன்றைக்கு முழுவதும் அந்தப் பொடியன் எனக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தான். ஜன்னலில் தெரிந்த சப்பாத்துகளில் ஒன்று அவனுடையது என்று நினைத்தேன். புதுச் சப்பாத்து, கடிக்கிறது, ஆனால் கழற்ற முடியாது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது தன்னைத்தான் என்று நினைவு வர ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு நாள் அந்த அண்ணன் தம்பியின் தாயைப் பற்றிச் சொன்னார். கிராமத்துப் பெண்ணை அரண்மனைக்குக் கூட்டி வந்து, பட்டு உடுத்தி, தலைக்கு மாவு பூசி, நடைக்கூடத்தில் விட்டார்களாம். எதிரே ஒரு பெரிய கண்ணாடி. அதில் வந்த சீமாட்டியைப் பார்த்துப் பேரரசி என்று நினைத்து அவள் முழங்காலில் விழுந்துவிட்டாளாம். உண்மையோ பொய்யோ தெரியாது, ஆனால் எல்லாரும் சொல்லும் கதை என்றார் ரீச்சர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் அவளைத் தூக்கிவிட்டார்களா என்றுதான் கேட்டேன். அது புத்தகத்தில் இல்லை என்றார்.

பதினெட்டு வயதில் அந்த மாட்டுக்காரன் பேரரசின் அறிவியல் கழகத்துக்குத் தலைவன் ஆனான். இருபத்திரண்டில் ஹெட்மன். அண்ணனின் செல்வாக்குத்தான் எல்லாம். பிறகு அவன் பெயரில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் இருந்தார்கள். தன்னைப் போன்றவர்களையே அவன் சொந்தமாக வைத்திருந்தான் என்று ரீச்சர் முகத்தைச் சுளித்தார். அவருக்கு அந்த மனிதர் மேல் பெரிய பக்தி ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லி, நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டார்.

தை மாதம் ஒரு ஞாயிறு அண்ணை கேட்டார். "தங்கச்சி, கலியாணத்துக்குக் கூப்பிடுற கடிதம் அனுப்பினியோ? இஞ்சை விசாவுக்கு நாள் எடுக்கவேணுமாம்."

"அனுப்பிறன் அண்ணை. இந்தக் கிழமை வேலை கூட."

"அவசரமில்லை. சேட்டு மட்டும் தைக்கக் குடுத்திட்டன்."

சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் விரிப்பின் நான்காவது மூலை எது என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லாததை, ஓட்டை ஜெர்மனில், நீராவிக்குள், ரீச்சரிடம் சொன்னேன். என் அண்ணன் காகிதத்தில் செத்துவிட்டார், கொன்றது நான்.

ரீச்சர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சூடாக வந்த அடுத்த விரிப்பின் மூலைகளை என் கையில் தந்தார். பிறகு, அந்தச் சகோதரர்களுக்கு அறிஞர்கள் சேர்ந்து ஒரு வம்சாவளி எழுதிய கதையைச் சொன்னார். மாட்டுக்காரன் மகன்கள் இவ்வளவு உயரத்தில் இருப்பது அழகில்லை என்று, அவர்கள் ஒரு பழைய போலந்து இளவரசனின் வாரிசுகள் என்று தோல் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். அண்ணனும் தம்பியும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

"அவர்களால் சிரிக்க முடிந்தது" என்றேன் எரிச்சலோடு. "கையில் பதவி இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது, ஒரு அனுமதி அட்டை."

"உண்மை" என்றார் ரீச்சர். அவ்வளவுதான்.

கதையின் முடிவை மாசியில் சொன்னார். அந்தப் பேரரசி இறந்து இன்னொரு பேரரசி வந்தாள். தன் பதவி தன் பிள்ளைகளுக்கும் வர வேண்டும் என்று ஹெட்மன் கேட்டது பிழையாகப் போயிற்று. பதவியைப் பறித்தாள். பட்டங்கள் கொடுத்தாள், ஆனால் ஹெட்மன் என்ற பெயரே நாட்டில் இல்லாமல் போக வேண்டும் என்றாள். அப்படியே போயிற்று. அந்த மனிதரோ அதற்குப் பிறகும் நாற்பது வருடம் போல இருந்தார். சாப்பிட்டார், பிள்ளைகளோடு சண்டை போட்டார், கடைசியில் ரீச்சரின் ஊருக்கே வந்து, அரண்மனையைக் கட்ட ஆரம்பித்து, அங்கேயே இறந்தார்.

"நாற்பது வருடமா?" என்றேன். "இல்லை என்று எழுதிவைத்த பிறகு நாற்பது வருடமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்தப் பேரரசி மேலா, என் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறு அண்ணையைக் கூப்பிட்டதும், சுகம் விசாரிக்கும் முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எப்பிடிச் செத்தனான்?" என்று கேட்டார் அண்ணை.

"சூடு."

"எங்கை வைச்சு?"

"எங்கடை ஒழுங்கை முகப்பிலை."

"ஆமியோ, இயக்கப் பொடியளோ?"

"ஆமி."

கொஞ்சம் யோசித்தார். "நீ அழுதனியோ?"

"ஓம் அண்ணை. நல்லா அழுதனான்."

"அப்ப சரி" என்றார்.

அதற்குப் பிறகு கூப்பிட முடியாவிட்டாலும் பரவாயில்லை, சட்டை தீபாவளிக்கு உதவும் என்று என்னென்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. 'அப்ப சரி' என்ற அந்த ஒரு வார்த்தை என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்லத் தெரியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்து, கணவரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, சிவப்பு ரயிலில் எங்கள் மாகாணத்தின் தலைநகரான கூருக்குப் போனேன். மலைகளுக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும் ரயில் அது. இருட்டு, பனி, இருட்டு, பனி என்று மாறி மாறி வந்ததில் அரைத் தூக்கமாகிவிட்டது. எதிர் இருக்கையில் வேறு பெயரில் போகும் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு. எங்கே இறங்க வேண்டும் என்று என்னைக் கேட்பது மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தால் அங்கே என்னுடைய கைப்பை மட்டும் இருந்தது.

குடிவரவு அலுவலகத்தில் என் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி. என்ன விஷயம் என்றார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பெரிய வாக்கியங்கள் மறந்துபோய், "என் அண்ணன் உயிரோடு இருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கணினியில் என் கோப்பைத் தேடி, நெடுநேரம் வாசித்தார். சட்டென்று எழுந்துவிட்டார். இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்டுபிடித்துவிட்டீர்களா? இத்தனை வருடத்துக்குப் பிறகா? இந்த அறையில் நல்ல செய்தி கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா!"

அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு அப்படியொரு வழி திறக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். செத்தவர் திரும்பி வந்துவிட்டார், போர்க்காலத்தில் நடக்காததா? கலியாணத்துக்கு வருவார், யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். தலை கொஞ்சம் அசையவும் பார்த்தது. ஆனால் கண்டுபிடித்தேன் என்று சொல்ல, ஒருநாளாவது தொலைத்திருக்க வேண்டும். நான் அவரைத் தொலைக்கவில்லை. ஒரு ஞாயிறுகூடத் தொலைக்கவில்லை.

"அவர் சாகவே இல்லை" என்றேன். "நான்தான் பொய் சொன்னேன்."

அந்தப் பெண் என் கையை மெதுவாக விட்டார். உட்கார்ந்தார். முகம் இறுகிவிட்டது. ஏன் இப்போது வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டார். மகளுக்குத் தாய்மாமன் வேண்டும் என்றேன். அதை ஜெர்மனில் எழுத அவருக்கு நேரமெடுத்தது.

இரண்டு மாதம் கடிதங்கள் வந்தன. நான் பதில் எழுதினேன், ரீச்சர் பிழை திருத்தினார். என்னுடைய நிரந்தர அனுமதி போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் அட்டைதான் இப்போது இருக்கிறது; ஒவ்வொரு வருடமும் கிடைக்குமோ என்ற கேள்வியோடுதான் கையெழுத்துப் போடுகிறேன். கணவர் ஒரு மாதம் பொருமினார். விசா மட்டும் கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது.

கலியாண மண்டபம் எம்மன்புரூக்கே என்ற ஊரில். அண்ணை புதுச் சட்டையும் வேட்டியுமாக வாசலில் என் பக்கத்தில் நின்று எல்லாரையும் வரவேற்றார். நான் வந்த காலத்திலிருந்து என்னைத் தெரிந்த ஒரு அக்கா உள்ளே வந்தவர், அவரைப் பார்த்து நின்றுவிட்டார். அண்ணை செத்த துக்கத்துக்கு என்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னவர் அவர்.

"உம்மட தமையன் செத்துப்போனார் எண்டெல்லோ சொன்னனீர்?" என்றார், எல்லாருக்கும் கேட்க.

அண்ணை இரண்டு கைகளையும் கூப்பினார்.

"ஓம் தங்கச்சி, செத்தனான்தான். மருமகளின்ர கலியாணம் எண்டு மேலையிருந்து அனுப்பிவிட்டவை."

வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள், அந்த அக்காவும்தான். நான் மட்டும் அவருடைய புதுச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை அவர் பார்க்க, அழுதேன்.